டைல்ஸ் ஒட்டும் வேலையை முதலில் நிறுத்துங்கள்

குளியலறைச் சுவருக்குள் பதித்த சிபிவிசி குழாயில் (வெந்நீரும் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்) இரண்டு இடங்களில் ஈரம் கசிகிறது, பிளம்பரோ "பூசினால் நின்றுவிடும்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நிற்காது ஐயா. பூச்சு கசிவை மறைக்கும், அவ்வளவுதான்.

கசியும் இணைப்பை அறுத்தெடுத்து உள்ளே பாருங்கள். குழாய் முனை கோணலாக வெட்டப்பட்டிருக்கிறதா? பிசிறு சுரண்டப்படாமல் இருக்கிறதா? குழாய் எல்போவின் (வளைவு இணைப்பின்) அடிவரை போகாமல் பாதியிலேயே நின்றிருக்கிறதா? பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். பசை டப்பாவையும் வாங்கிப் பாருங்கள். குளிர்நீர்க் குழாய்க்கான யுபிவிசி பசையையே இதற்கும் தடவிவிடுகிறவர்கள் உண்டு. கீசரிலிருந்து வரும் வெந்நீருக்கு அது தாங்காது. குழாயின்மேல் ஐஎஸ் 15778 என்ற இந்தியத் தர எண்ணின் அச்சும் இருக்க வேண்டும்.

மாற்றி ஒட்டியபின் ஒரு நாள் காய விடுங்கள். பிறகு குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி, கை பம்பால் அழுத்தம் ஏற்றச் சொல்லுங்கள். அளவுமானியின் முள் இறங்குகிறதா என்று நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள்.

பிளம்பருக்குச் சான்றிதழ் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஐடிஐயில் பிளம்பர் பிரிவு ஓராண்டுப் பயிற்சி. தேர்ச்சி பெற்றால் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். இருந்தால் நல்லதுதான். ஆனால் அழுத்தச் சோதனைக்கு மறுக்கிறவரை, எந்தச் சான்றிதழ் வைத்திருந்தாலும், என் வீட்டு வேலைக்கு நான் அழைக்க மாட்டேன்.