சிவப்பணு ஆராய்ச்சிக்கு எந்தப் படிப்பு?

மேலூரிலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கம். நீட் கைகூடாததில் உங்கள் மகளுக்கு வருத்தமில்லை, வருத்தமெல்லாம் உங்களுக்குத்தான் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. "சிவப்பணுவில் உப்பு போய்வருவதைப் பார்த்து ரத்த அழுத்தத்தை ஆராயப் போகிறாளாம், இதற்கெல்லாம் படிப்பு உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பெயரில் பட்டப்படிப்பு கிடையாது. ஆனால் பாப்பா சொல்வது கற்பனையல்ல. சிவப்பணுவின் சவ்வில், அதாவது மேலுறையில், ஒரு பம்பு இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் உப்பிலுள்ள சோடியத்தில் 3 அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். அதை நண்டின் நரம்பில் கண்டறிந்த யென்ஸ் ஸ்கூ 1997இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இதே பம்பு ரத்தக்குழாய்ச் சுவரிலும் உண்டு, ஆனால் அந்தச் சுவரை எல்லோரிடமும் வெட்டியெடுத்துப் பார்க்க முடியுமா? சிவப்பணு என்றால் ஓர் ஊசியில் கிடைத்துவிடும். உயர் ரத்த அழுத்தக்காரர்களின் சிவப்பணுவில் சோடியம்-லித்தியம் பரிமாற்றம் (சவ்வின் வழியே ஒன்று உள்ளே போக மற்றது வெளியே வருவது) வேகமாக நடப்பதாக 1980இல் ஓர் ஆய்வு வந்தது. பிறகு இத்தாலியின் குப்பியோ நகரில் ஊர்மக்களிடம் இதையெல்லாம் அளந்து, பல ஆண்டுகள் ரத்த அழுத்தத்தைத் தொடர்ந்து கவனித்தார்கள். இத்தனைக்குப் பிறகும் இந்தச் சிவப்பணு அளவு மருத்துவமனைகளில் வழக்கமான பரிசோதனையாக வரவில்லை என்பதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள்.

பி.எஸ்சி. உயிர்வேதியியல் போதும், வேதியியலும் நல்லதுதான். வாயில் நுழையாத புதுப்பெயர்ப் படிப்புகள் வேண்டாம். கட்டணம் கட்டும் முன் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சோடியம், பொட்டாசியம் அளக்கும் ஃபிளேம் போட்டோமீட்டர் கருவியை மாணவர்களைத் தொட விடுகிறார்களா என்று கேளுங்கள். சோடியம் பட்டால் அதன் சுடர் மஞ்சளாகும். வியர்த்த விரல் குழாய்க்குள் பட்டாலே கணக்கு கெட்டுவிடும். சிவப்பணுவைக் கழுவக்கூட வழக்கமான உப்புநீர் ஆகாது. மெக்னீசியம் குளோரைடு போலச் சோடியம் கலக்காத கரைசல் வேண்டும். இந்தப் பதவிசு கையில் ஏற வேண்டிய ஒன்று. கருவி உறை போட்டு மூலையில் கிடந்தால் அடுத்த கல்லூரிக்கு பஸ் ஏறுங்கள்.

கூடவே புள்ளியியல் கட்டாயம். பல ஆண்டு அளவுகளை வைத்துக்கொண்டு வயதின் விளைவு எது, எடையின் விளைவு எது என்று பிரிக்கத் தெரியாவிட்டால் சோதனைக்குழாய் மட்டும் உதவாது. எம்.எஸ்சி.க்கு வெளியூர் அனுப்பத் தயக்கமிருந்தால், மதுரை காமராசர் பல்கலைக்கழக உயிரியல் புலம் பக்கத்திலேயே இருக்கிறது. பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால், 2023 முதல் உள்ள விகிதப்படி மாதம் 37,000 ரூபாய் வரும். பிஎச்.டி. முடிக்க ஐந்து வருடம் பிடிக்கலாம்.

அதுவரை வீடு தாங்குமா என்பதுதான் உண்மையான கேள்வி. பட்டம் வாங்கியதும் சம்பளம் வந்தே ஆக வேண்டும் என்றால் பி.எஸ்சி. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பத்தில் சேருங்கள். மருத்துவமனை ஆய்வக வேலைக்கு அதைத்தான் முதலில் கேட்பார்கள். இதை அவளையும் உட்கார வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள்.

உங்கள் பி.பி. மாத்திரையை நிறுத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது டாக்டரிடம் கேட்க வேண்டியது. மகள் ஆராய்ந்து சொல்லும்வரை காத்திருக்காமல், டாக்டர் சொல்கிறபடி தவறாமல் சாப்பிடுங்கள்.