இருபத்தி மூன்றா, இருபத்து மூன்றா? எண்களை எழுத்தால் எழுதுவது பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியப் பள்ளியில் நெடுநாள் பாடம் நடத்தியவன் நான். ஒருபுறம் மலையாளம், மறுபுறம் பொள்ளாச்சி. நடுவில் உட்கார்ந்து எண் எழுதுகிறவர்களுக்கு வரும் சந்தேகங்கள் கொஞ்சம் தனி ரகம். கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், வந்ததில் பாதி ஒரே கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வேலந்தாவளத்திலிருந்து, காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறவர்: ரசீதில் "ஆயிரத்தி இருநூற்றி இருபத்தி மூன்று" என்று எழுதினேன். கோயம்புத்தூரிலிருந்து வந்த வியாபாரி தப்பு என்று சிரித்தார். இங்கே எல்லாரும் அப்படித்தானே சொல்கிறோம், மாஷே?

சொல்கிறோம். சிரித்த அந்த வியாபாரியும் வீட்டில் அப்படித்தான் சொல்வார், கவலைப்படாதீர்கள். ஆனால் எழுத்தில் அவர் சொன்னது சரி: ஆயிரத்து இருநூற்று இருபத்து மூன்று.

நமக்கு இந்தத் "தி" இரண்டு மடங்கு ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. மலையாளத்தில் ஆயிரத்தி, இருநூற்றி, இருபத்தி என்பதுதான் சரியான வடிவம். பிள்ளைகள் மலையாளப் பாட வேளையில் அதைச் சரியாகப் படித்துவிட்டு, அடுத்த வேளையில் தமிழ் நோட்டில் தப்பாக எழுதுகிறார்கள். பாவம், அவர்களை என்ன சொல்ல!

நான் வகுப்பில் சொல்லும் உபாயம் இதுதான். அந்த எண்ணோடு "கு" சேர்த்துப் பாருங்கள். நூற்றுக்கு நூறு மார்க் என்கிறோம், நூற்றிக்கு நூறு என்று யாரும் சொல்வதில்லை. ஆயிரத்துக்கு, இருபதுக்கு, லட்சத்துக்கு. இதில் இருபது மட்டும் கொஞ்சம் ஏமாற்றும்; அதற்கு "இருபத்து" என்பதை மனப்பாடமே செய்துகொள்ள வேண்டும். மற்றவை நூற்று, ஆயிரத்து, லட்சத்து என்று தானாக வந்துவிடும். பின்னால் இன்னோர் எண் வந்தால் முன்னால் இருப்பது இப்படி மாறும். கடைசி எண் மட்டும் மாறாமல் நிற்கும். கோடிக்கு இந்த மாற்றம் கிடையாது, "கோடியே" என்போம்: இரண்டு கோடியே மூன்று லட்சத்து ஐம்பதாயிரம்.

இருபத்தை அடுத்து வரும் எண் உயிரெழுத்தில் தொடங்கினால் ஒட்டிக்கொள்ளும்: இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்தைந்து, இருபத்தெட்டு. இருபத்திரண்டில் ஒரு "தி" இருக்கிறதே என்று கேட்காதீர்கள். அது இரண்டின் இகரம். அந்த ஒரு "தி"தான் மற்றவற்றுக்கும் தொற்றிக்கொண்டதோ என்று எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம்.

வண்டித்தாவளத்திலிருந்து ஒரு அம்மா: மகள் "முன்னூறு" என்று எழுதினாள், டீச்சர் சுழித்துவிட்டார். அப்புறம் ஐநூறா, ஐந்நூறா?

டீச்சர் பக்கம்தான் நியாயம். மூன்று "மு" என்று குறுகி, நூற்றின் ந் இரட்டித்து முந்நூறு ஆகிறது. முன்னூறு என்று எழுதினால் முன்பு வந்த நூறு என்று ஆகிவிடும். காதுக்கு வித்தியாசம் தெரியாது, அதுதான் சிக்கல். மலையாளத்தில் ந, ன இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் நம் பிள்ளைகளுக்குக் கண்ணும் கைகொடுப்பதில்லை.

நானூற்றில் அந்த ந் இரட்டிக்காது, ன் வரும்: நானூறு. ஐந்நூறு இலக்கணப்படி சரி. ஐநூறு பத்திரிகைகளில் பரவிவிட்டது. அதை எழுதினால் நான் மார்க் குறைக்க மாட்டேன், ஆனால் என் கையால் எழுத மாட்டேன்.

கூடவே ஒன்று: பன்னிரண்டு. பனிரெண்டு, பன்னிரெண்டு எல்லாம் தப்பு. இரண்டில் "ரெ" கிடையாதே.

சித்தூரில் டிகிரி படிக்கும் தம்பி: எட்டு, எண்பது, எண்ணூறு ஒழுங்காகப் போகிறது. ஒன்பது மட்டும் ஏன் தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று குதிக்கிறது?

(நம் சித்தூர்தான், ஆந்திரச் சித்தூர் இல்லை. இதை ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது.)

நல்ல கேள்வி. உற்றுப் பாருங்கள்: எண்பதில் "பது" இருக்கிறது, அதாவது பத்து. அடுத்த படியில் தொண்பது என்று வந்திருக்க வேண்டும். வந்ததோ "நூறு" ஒட்டிய தொண்ணூறு. எண்ணூற்றில் நூறு இருக்கிறது. அடுத்ததில் "ஆயிரம்" ஒட்டிய தொள்ளாயிரம். ஒன்பதையும் பாருங்கள், ஒற்றை இலக்க எண்ணாக இருந்துகொண்டு வாலில் "பது" வைத்திருக்கிறது. ஆக இந்த மூன்றும் தங்கள் படியின் பெயரை விட்டுவிட்டு அடுத்த படியின் பெயரைப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒன்பதாயிரத்துக்கு வந்ததும் குறும்பு அடங்கிவிடுகிறது.

நன்னூல் இதற்கு விதியே சொல்கிறது: ஒன்பதோடு பத்து சேர்ந்தால் அந்தப் பத்து நூறாகும், நூறு சேர்ந்தால் அது ஆயிரமாகும், முன்னால் ஒரு த் வந்து உட்காரும். அந்தத் த் எங்கிருந்து வந்தது? ஒன்பதுக்குத் "தொண்டு" என்று ஒரு பழைய பெயர் உண்டு, தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. இங்கே தெலுங்கு பேசும் வீடுகளில் ஒன்பதுக்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்: தொம்மிதி. அவர்கள் வாயில் அந்தத் த் இன்னும் உயிரோடு இருக்கிறது. மலையாளம் நம்மைப் போலவேதான். ஒன்பதில் விட்டுவிட்டு, தொண்ணூறிலும் தொள்ளாயிரத்திலும் வைத்திருக்கிறது.

பத்தொன்பது என்பதையும் கவனியுங்கள். பன்னிரண்டு நீங்கலாகப் பதினெட்டு வரை "பதின்" போட்டுவிட்டு இங்கே "பத்து" என்று மாறுகிறோம். ஒன்பது வந்தாலே ஏதாவது வம்புதான்.

மீனாட்சிபுரத்திலிருந்து: கடன் பத்திரத்தில் எண்ணில் ஒன்றும் எழுத்தில் ஒன்றுமாக இருந்தால் எது செல்லும், ஐயா?

எழுத்து. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 18ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. புரோநோட்டு, காசோலை இரண்டுக்கும் பொருந்தும்.

என் மச்சான் ஒருவர் கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்குப் புரோநோட்டு வாங்கினார். எண்ணில் 40,000 என்று அழகாக இருந்தது. பக்கத்தில் எழுத்தில் "நாலாயிரம்". எழுதியவர் நாற்பதாயிரம் என்றுதான் நினைத்திருக்கிறார், கை முந்திக்கொண்டது. மூன்று மாதம் கழித்து நான்தான் பார்த்தேன். மச்சானுக்கு முகம் வெளுத்துவிட்டது. கடன் வாங்கியவர் நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டே புதிதாக எழுதிக் கொடுத்தார். எல்லாரும் அப்படி இருக்க மாட்டார்கள்.

காசோலையில் சட்டம் எப்படி இருந்தாலும், இரண்டும் பொருந்தாவிட்டால் வங்கியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தொகையை அடித்துத் திருத்தவும் கூடாது, புதுத் தாள்தான் போட வேண்டும். "ரூபாய்" என்ற சொல்லை ஒட்டியே தொடங்கி, இடைவெளி விடாமல் எழுதி, "மட்டும்" என்று முடியுங்கள்: ரூபாய் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு மட்டும். அந்த "மட்டும்" அலங்காரத்துக்கு இல்லை. பின்னால் யாரும் எதையும் நுழைக்காமல் இருக்கப் போடும் தாழ்ப்பாள்.

கோபாலபுரத்திலிருந்து: தங்கை கல்யாணப் பத்திரிகையில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) 1201 என்பதை எழுத்தால் போட வேண்டும். "ஆயிரத்து இருநூற்று முதலாம் ஆண்டு" சரியா?

வேண்டாம். முதலாம் என்பது தனியாக நிற்கும் ஒன்றுக்குத்தான். வேறோர் எண்ணின் வாலில் வரும்போது ஒன்றாம்: ஆயிரத்து இருநூற்றொன்றாம் ஆண்டு. இருபத்தொன்றாம் நூற்றாண்டு என்கிறோமே, அதே மாதிரி. பக்கத்தில் திருவள்ளுவர் ஆண்டும் போடுவதாக இருந்தால் ஆங்கில ஆண்டோடு 31 கூட்டிக்கொள்ளுங்கள்.

தமிழ் எண்ணில் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பழைய முறையில் பூஜ்யம் இல்லை. ௲௨௱௧ என்று எழுதுவார்கள், ஆயிரம், இரண்டு நூறு, ஒன்று. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பத்திரிகை வாங்கும் பத்துப் பேரில் ஒருவருக்குப் புரிந்தால் அதிகம்.

முதலமடையிலிருந்து: 2.47 சென்ட் என்பதை "இரண்டு புள்ளி நாற்பத்தேழு" என்று படிக்கலாமா?

கூடாது. இரண்டு புள்ளி நான்கு ஏழு. புள்ளிக்குப் பிறகு ஒவ்வோர் இலக்கமாகத்தான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் 2.5ஐ "இரண்டு புள்ளி ஐந்து" என்றும் 2.47ஐ "இரண்டு புள்ளி நாற்பத்தேழு" என்றும் சொல்லி, கேட்கிறவர் இரண்டாவதுதான் பெரிய நிலம் என்று நினைத்துக்கொள்வார். கேரளத்து நிலப் பத்திரங்களில் ஆர் கணக்கும் வரும். ஓர் ஆர் நூறு சதுர மீட்டர், சுமாராக இதே 2.47 சென்ட். அதனால் இந்த எண் நம் பக்கம் அடிக்கடி கண்ணில் படும்.

வாய்க்கணக்குக்குப் புள்ளியே வேண்டாம்: இரண்டேகால், இரண்டரை, இரண்டேமுக்கால். அதற்குக் கீழே அரைக்கால், வீசம், மா, காணி என்று நம்மிடம் தனித்தனிப் பெயரே உண்டு. எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று, இருபதில் ஒன்று, எண்பதில் ஒன்று. முந்திரி என்பது முந்நூற்று இருபதில் ஒன்று. இப்போது முந்திரி என்றால் பாயசத்தில் போடுவது மட்டும்தான் நினைவுக்கு வருகிறது.

மறுபடியும் வேலந்தாவளம்: பத்து பேரா, பத்துப் பேரா?

பத்துப் பேர், எட்டுப் பேர். இந்த இரண்டுக்கும் பின்னால் மட்டும் க், ச், த், ப் மிகும். இரண்டு பேர், ஐந்து பேர், ஒன்பது பேர் என்று மற்றவை சும்மா இருக்கும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு பழைய மாணவி, இப்போது அவரும் டீச்சர்: சார், பள்ளி விழா அறிக்கையில் "ஆளுக்கு இரண்டு இரண்டு லட்டு" என்று எழுத ஒரு மாதிரி இருக்கிறது. வேறு சொல் உண்டா?

உண்டும்மா, நான்தான் நடத்தினேன், நீ தூங்கியிருப்பாய். ஒவ்வொன்று என்ற சொல்லைத் தினமும் சொல்கிறோம், அதன் கூடப் பிறந்தவற்றை மறந்துவிட்டோம். இவ்விரண்டு, மும்மூன்று, நந்நான்கு, ஐவைந்து, அவ்வாறு, எவ்வேழு, எவ்வெட்டு, பப்பத்து. ஆளுக்கு இவ்விரண்டு லட்டு என்று எழுதிப் பார், எவ்வளவு எடுப்பாக இருக்கிறது! அவ்வாறு மட்டும் "அப்படி" என்று படிக்கப்படும் அபாயம் உண்டு, அங்கே ஆறாறு என்றே போட்டுவிடு.

பட்டியலில் ஒன்பதைக் காணோமே என்று தேடாதே. நன்னூல் அதை இந்த விதிக்கு வெளியே நிறுத்திவிட்டது. ஆளுக்கு ஒன்பது லட்டு கொடுக்கிற அளவுக்குப் பள்ளியில் பணம் இருந்தால், "ஒன்பது ஒன்பது" என்றே எழுது, எனக்கும் ஒரு பங்கு அனுப்பிவை.