அரியமான் பக்கம் மணல்மேட்டில் முள்ளுப்புல்: ஜேசிபி வேண்டாம்

ராமநாதபுரம் மாவட்டம் அரியமான் கடற்கரையில், உங்கள் கொட்டகைப் பக்கத்து மணல்மேட்டில் இருக்கிற முள்ளுப்புல் பிள்ளைகள் காலில் குத்துகிறது, ஜேசிபி வைத்து வழித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. நீங்கள் போட்ட படத்தில் இருப்பது ராவணன் மீசை, அறிவியல் பெயர் ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ். இலங்கை, மலேசியா, தைவான் வரை கடற்கரை மணலில் வளர்கிற புல். தண்டு மணலில் ஓடி கணுவுக்குக் கணு வேர் விட்டு மேட்டையே கட்டிப் பிடித்திருக்கிறது, அதைப் பிடுங்கினால் ஆடிக்காற்றில் மணல் முழுக்க உங்கள் கொட்டகைக்குத்தான் வரும். ஆண், பெண் தனித்தனிச் செடி. காற்றில் பந்து மாதிரி உருண்டு ஓடுமே, அது பெண் கதிர், தனுஷ்கோடியில் நாங்கள் அதைத் துரத்தியே வளர்ந்தோம். நடக்கிற பாதையில் மட்டும் தரையோடு அறுத்துவிடுங்கள், வேரைத் தொடாதீர்கள். ஏற்கெனவே வழித்த இடம் இருந்தால் ஐப்பசி மழையோடு கணுவுள்ள தண்டைப் புதைத்து, பக்கத்திலேயே மணலில் படர்கிற அடப்பங்கொடியும் விடுங்கள். அப்புறம், மணல்மேடு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளில் வருகிற இடம், பட்டா இருந்தாலும் மட்டம் தட்டினால் சிக்கல்தான்.