இலங்கையோடு வரியில்லா வணிக ஒப்பந்தம் இருந்தும் சரக்கு ஏன் துறைமுகத்தில் நாள்கணக்கில் நிற்கிறது?

கேள்வியைப் பார்த்தால், கொழும்பிலிருந்து முதன்முதலாக ஒரு கன்டெய்னர் வரவழைத்து, 'டியூட்டி கிடையாது' என்று யாரோ சொன்னதை நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டவர் போலத் தோன்றுகிறது. தவறாக ஊகித்திருந்தால் மன்னிக்கவும். தூத்துக்குடியில், வணிகர்களுக்காகச் சுங்க வேலைகளை முடித்துத் தரும் ஒரு சுங்க முகவர் அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் எழுத்தராகவும் பிறகு மேலாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்வியை வணிகர்கள் என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறார்கள். பாதிப் பேர், நான்தான் சரக்கைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்ற முகத்தோடு கேட்டார்கள்.

ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28 அன்று வாஜ்பாயும் சந்திரிகா குமாரதுங்கவும் கையெழுத்திட்டு, 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது வரியைத்தான் குறைத்தது. சரக்கு இலங்கையில் விளைந்ததுதான் என்பதற்கான சான்றை யார் தருவது, அதை இந்தப் பக்கம் எந்த அளவுக்கு நம்புவது, அங்கே செய்த பரிசோதனையை இங்கே ஏற்றுக்கொள்வதா, மீண்டும் மாதிரி எடுப்பதா என்ற கேள்விகளில் சிலவற்றுக்கு விதி உண்டு, விதியைச் செயல்படுத்தும் பழக்கம் இல்லை; வேறு சிலவற்றுக்கு விதியே இல்லை. உங்கள் சரக்கும் அநேகமாக இந்த இடைவெளியில்தான் நிற்கிறது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, விருதுநகர் பலசரக்கு வியாபாரி ஒருவர் இருபதடி கன்டெய்னர் ஒன்றில் கிராம்பு வரவழைத்தார். கொழும்பிலிருந்து ஓர் இரவுப் பயணத்தில் சரக்கு வந்துவிட்டது. பயிர்நலச் சான்றிதழ் சரியாக இருந்தது. உணவுப் பாதுகாப்பு மாதிரியும் தேறியது. ஆனால் சி.ஓ.ஓ. என்று நாங்கள் சொல்லும் பிறப்பிடச் சான்றிதழில் இருந்த கையெழுத்து, சுங்க அலுவலகத்தின் மாதிரிக் கையெழுத்துக் கோப்பில் இருந்த எதனோடும் ஒத்துப்போகவில்லை. அங்கே அதிகாரி மாறியிருக்கிறார்; புதியவரின் மாதிரிக் கையெழுத்து கொழும்பிலிருந்து தில்லிக்கு வந்து, தில்லியிலிருந்து துறைமுகங்களுக்குச் சுற்றுக்கு விடப்பட்டு, எங்கள் ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஏற்றுமதியாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "ஐயா, கையெழுத்து வைத்தவர் என்ட கடையில இருந்து நடந்து போற தூரத்தில இருக்கிறார், வேணுமெண்டால் இப்பவே போய் இன்னொரு கடிதம் வாங்கி வாறன்" என்றார். அந்தக் கடிதத்தை ஏற்க இங்கே வழியில்லை. சரிபார்ப்புக் கோரிக்கை அலுவலக வழியாக மேலே போய், தலைநகரம் விட்டுத் தலைநகரம் கடந்து, அதே வழியில் திரும்பி வரவேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்; இல்லையென்றால், லஞ்சத்துக்காகத்தான் நிறுத்தினார்கள் என்று யாராவது கீழே எழுதுவார்கள். அந்த அதிகாரி ஒரு தேநீரைக்கூட வாங்கிக் குடிக்காதவர். கையெழுத்து ஒத்துப்போகாத சான்றிதழுக்கு வரிச்சலுகை கொடுத்துப் பின்னால் தணிக்கையில் மாட்டினால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். பத்திரமும் வங்கி உத்தரவாதமும் கொடுத்தால் தற்காலிக மதிப்பீட்டில், அதாவது வரியைப் பின்னால் முடிவு செய்துகொள்ளும் ஏற்பாட்டில், சரக்கை எடுத்துக்கொள்ளலாம் என்று அவரே வழி சொன்னார். வங்கி உத்தரவாதத்துக்கு வைப்புத்தொகை வேண்டும். எங்கள் வியாபாரியோ இருந்த பணத்தையெல்லாம் கிராம்பில் போட்டிருந்தார். அவர் பணம் புரட்டி முடிக்க இருபத்து மூன்று நாளாயிற்று. அதற்குள் கன்டெய்னர் நின்ற சரக்கு நிலையமான சி.எஃப்.எஸ்.ஸின் தரைவாடகையும், கன்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதமானதற்குக் கப்பல் நிறுவனம் போடும் டிட்டென்ஷன் கட்டணமும் சேர்ந்து, சலுகையில் மிஞ்சவேண்டிய லாபத்தைப் பெரும்பாலும் தின்றுவிட்டன.

'அப்படியானால் எல்லாச் சான்றிதழையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டும் என்கிறீர்களா?' என்று கேட்பவர்களுக்கு: இல்லை. நான் தடையில்லா வணிகத்தின் பிரசாரகன் அல்லன். ஒப்பந்தம் வந்த சில ஆண்டுகளிலேயே இந்திய முதலீட்டாளர்கள் இலங்கையில் வனஸ்பதி ஆலைகளை நிறுவி, வெளிநாட்டுப் பாமாயிலை அங்கே குறைந்த வரியில் இறக்கி, வனஸ்பதியாக்கி, வரியின்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். ஏற்றுமதி மதிப்பில் 35 சதவீதம் உள்நாட்டு மதிப்புக்கூட்டல் வேண்டும் என்ற விதி காகிதத்தில் நிறைவேறியிருந்தது. இந்திய ஆலைகள் கூச்சலிட்ட பிறகு ஆண்டுக்கு 2,50,000 டன் என்று உச்சவரம்பு வந்தது. மிளகிலும் இதே சந்தேகம்தான்: இந்தியாவின் பொது வரி 70 சதவீதமாக இருக்கும்போது, ஆண்டுக்கு 2,500 டன் இலங்கை மிளகு வரியின்றி வரலாம் என்றால், வியட்நாம் மிளகு கொழும்பில் சாக்கு மாற்றிக்கொண்டு வருகிறது என்று குடகிலும் இடுக்கியிலும் உள்ள விவசாயிகள் சொன்னதில் வியப்பில்லை. 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்ததற்கு அதுதான் பின்னணி.

ஆக, சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் சந்தேகத்தைத் தீர்க்க இரண்டு அரசுகளும் சேர்ந்து ஒரு வழியை ஏற்படுத்துவதற்குப் பதிலாக, சந்தேகப்படுவதையே நடைமுறையாக்கிக்கொண்டன. எங்கள் ஊருக்கு இதில் தனிக் கோபம் உண்டு. ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோ இலங்கைத் தேயிலைக்குச் சலுகை உண்டு. ஆனால் தொடக்கத்தில் அது கொச்சியிலும் கொல்கத்தாவிலும் மட்டுமே இறங்கலாம் என்று வைத்திருந்தார்கள். கொழும்புக்கு எதிரே ஒரு துறைமுகம் இருக்க, தேயிலை அதைத் தாண்டிக் குமரிமுனையைச் சுற்றியோ வங்காள விரிகுடாவின் உச்சிக்கோ போக வேண்டும். அந்தக் கட்டுப்பாடு பின்னர் நீக்கப்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

வேறு நாடுகளில் எல்லாம் சுமுகமாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும், ஒரு நாட்டில் சட்டப்படி விற்கத்தக்க பொருளை மற்ற நாட்டிலும் விற்கலாம் என்று 1998 முதல் ஏற்றுக்கொண்டவை. உணவுத் தரங்களை வகுக்க இரண்டுக்கும் பொதுவாக ஓர் அமைப்பே வைத்திருக்கின்றன. அவர்களாலும் மருந்துகளுக்குப் பொதுவான ஒழுங்குமுறை முகமையை அமைக்க முடியாமல் 2014இல் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். பயிர்நோய்க்கு அஞ்சி 1921இல் தடுத்த நியூசிலாந்து ஆப்பிளை, உலக வர்த்தக அமைப்பு வரை வழக்கு போன பிறகு, 2011இல்தான் ஆஸ்திரேலியா உள்ளே விட்டது. ஆனாலும் ஒரு கையெழுத்துக்காக அங்கே கிராம்பு மூன்று வாரம் காத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இடையில் ஒரு சொந்தக் குறை. இந்தத் தாமதங்களுக்கெல்லாம் ஊர் கண்டுபிடித்த குற்றவாளி 'புரோக்கர்', அதாவது எங்களைப் போன்ற சுங்க முகவர் ஆட்கள். என் மகளுக்கு வரன் பார்த்தபோது மாப்பிள்ளை வீட்டார், "தரகு வேலையா?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோனார்கள். அரசு உரிமம் பெற்ற தொழிலில், தேர்வு எழுதித் தேறியவர்களின் கீழ் வேலை பார்த்தவன் என்று விளக்கப் போகவில்லை. விளக்கியிருக்க வேண்டுமோ என்று இப்போதும் தோன்றுகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2020 செப்டம்பர் 21 முதல் காரோட்டார் (CAROTAR) விதிகள், அதாவது ஒப்பந்தச் சலுகை கேட்கும் சரக்கின் பிறப்பிடத்தைச் சரிபார்ப்பதற்கான இந்தியச் சுங்க விதிகள், வந்தபின் பொறுப்பு இன்னும் உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. சான்றிதழ் மட்டும் போதாது. பொருள் எங்கே விளைந்தது அல்லது எப்படித் தயாரானது என்ற விவரம் இறக்குமதியாளரான உங்கள் கையிலேயே இருக்க வேண்டும், அவற்றை ஐந்தாண்டு பாதுகாக்கவும் வேண்டும். கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே அந்த விவரங்களை எழுத்தில் வாங்குங்கள். சான்றிதழில் கையெழுத்திடுபவர் புதியவரா என்று விசாரியுங்கள். வங்கி உத்தரவாதத்துக்கான பணத்தைச் சரக்கின் விலையிலேயே ஒரு பகுதியாகக் கருதித் தனியே ஒதுக்கி வையுங்கள்.

அந்த விருதுநகர்க்காரருக்கு எட்டு மாதம் கழித்துச் சரிபார்ப்பு வந்தது: கையெழுத்து உண்மையானது என்று ஒரே வரி. உத்தரவாதத்தை விடுவித்துக்கொண்டு வந்தவரிடம் அடுத்த கன்டெய்னர் எப்போது என்று கேட்டேன். இப்போது சென்னையில் ஒரு பெரிய இறக்குமதியாளரிடம் மூட்டைக்கணக்கில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் அதுவும் இலங்கைக் கிராம்புதானாம்.