பையனுக்கு ஊட்ட என்னைத் தவிர யாரும் இல்ல, ஆள் வைக்கலாமா?

திண்டுக்கல் பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பையனுக்கு அஞ்சு வயசு, செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால உடம்பு அசைவு கட்டுப்பாட்டுல இல்லாத நிலை), கூடவே ஃபிட்ஸ். தானா உட்கார வராது. ஒருவேளை ஊட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆகுதாம், புரையேறிடும்னு வீட்ல யாரும் கரண்டியத் தொடறதே இல்ல, சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்குக் கூட போக முடியலன்னு எழுதியிருக்காங்க.

ஆள் தாராளமா வைங்கம்மா, தப்பே இல்ல. ஆனா வர்ற ஆளுக்கும் நீங்கதான சொல்லிக்கொடுக்கணும்? அதுக்கு முன்னாடி வீட்லயே ஒருத்தரப் பழக்குங்க. சாப்பிடறது, உடுத்தறது மாதிரி அன்றாட வேலைகளுக்குப் பழக்கற ஆக்குபேஷனல் தெரபிஸ்டா நான் பார்த்த வரைக்கும், அப்பாக்கள் ஊட்டாம இருக்கறது மனசில்லாம இல்ல, பக்கத்துல உட்கார வச்சு யாரும் காட்டித் தரல, அவ்ளோதான்.

முதல்ல உட்கார வைக்கிற விதம். மடியில மல்லாக்கப் போட்டு ஊட்டவே கூடாது, நிமிர்ந்து உட்காரணும், இடுப்பு சரியாம ரெண்டு பக்கமும் துண்ட சுருட்டி வைங்க, கால் தொங்காம கீழ ஏதாவது குடுங்க, தாடை லேசா உள்பக்கமா இருக்கணும். நீங்க நின்னுக்கிட்டு மேல இருந்து ஊட்டுனா பிள்ளை அண்ணாந்துதான் வாய் திறக்கும், புரையேறறது பாதி அதனாலதான், அதனால அவன் கண்ணுக்கு நேரா உட்காருங்க. அப்புறம் ரசம் சாதம். நம்ம ஊர்ல சீக்கிரம் செரிக்கும்னு அதத்தான் குடுப்போம், ஆனா இந்தப் பிள்ளைகளுக்கு தண்ணி ஒரு பக்கம் பருக்கை ஒரு பக்கமா இருக்கறதுதான் கஷ்டம், பருக்கைய மெல்லறதுக்குள்ள ரசம் தொண்டைக்குள்ள ஓடிடும். பருப்பு சாதத்த ஒரே பதமா மசிச்சு, கரண்டிய சாய்ச்சா வழியாத கெட்டியில குடுங்க. தூக்கக் கலக்கத்துலயும் ஃபிட்ஸ் வந்து அடங்குன உடனேயும் வேண்டாம். சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்க வைக்காதீங்க.

ஒருவேளைச் சாப்பாடு எப்பவுமே அரை மணிய தாண்டுதுன்னா அத பொறுமைன்னு விட முடியாது, டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும். எடை ஏறல, அடிக்கடி நெஞ்சுச்சளி, சாப்பிடறப்போ குரல் களகளன்னு மாறுதுன்னா உணவு நுரையீரலுக்குள்ள போகுதான்னு பாக்கணும். ஸ்பீச் தெரபிஸ்ட் விழுங்கறத டெஸ்ட் பண்ணுவாங்க. சில பிள்ளைகளுக்கு சாப்பாடு நேரா உள்ள போக வயித்துல ட்யூப் வைக்கச் சொல்லுவாங்க, உடனே பதறாதீங்க, வச்சதுக்கப்புறம் எடை ஏறுன பிள்ளைங்க நிறைய.

ரெண்டாவது, உங்க தலைக்குள்ள இருக்கறத ஒரு தாள்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க. எந்த மருந்து, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு, டாக்டர் நம்பர். ஃபிட்ஸ் வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், வாய்க்குள்ள ஒண்ணும் திணிக்கக் கூடாது, சாவிய கையில குடுக்கறதால ஒரு பிரயோஜனமும் இல்ல, அஞ்சு நிமிஷம் தாண்டுனா 108. மாமியாருக்குப் புரியற மாதிரி பெரிய எழுத்துல.

பணத்துக்கு, யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இல்லன்னா முதல்ல அத வாங்குங்க. அத வச்சு நிராமயாங்கற மத்திய அரசு மருத்துவ இன்சூரன்ஸ்ல சேருங்க, வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரைக்கும் செலவுக்குக் கிடைக்கும், வெளிநோயாளிச் செலவும் தெரபியும் கூட அதுல வரும், வருஷா வருஷம் மறக்காம ரினியூ பண்ணனும். பாதிப்பு கடுமையா இருந்தா தமிழ்நாடு அரசோட பராமரிப்பு உதவித்தொகை மாசம் 2000 ரூபாய் இருக்கு, கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க. வீட்டுக்காரர் பழைய வரி முறையில (ஓல்ட் ரெஜீம்) வருமான வரி கட்டறவர்னா, 80டிடின்னு எல்லாரும் சொல்ற கழிவுல 75,000 ரூபாய், ஊனம் 80 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா 1,25,000 ரூபாய் வரி போடற வருமானத்துல கழிச்சுக்கலாம், நிறைய பேர் இத விட்டுடறாங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை மதியம் அப்பா ஊட்டட்டும், நீங்க பக்கத்துல உட்கார்ந்து பேசாம பாருங்க. நாலு தடவ அப்படி ஆனப்புறம், போன கையில வச்சுக்கிட்டு தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வாங்க.