பேத்திக்குத் தாத்தாவின் பெயர்

கேள்வி: எனக்குப் பெண் குழந்தை பிறந்து 18 நாள்கள் ஆகின்றன. பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்பு என் அப்பா காலமானார். அவர் பெயர் மாணிக்கம். மகளுக்கு அந்தப் பெயரையே, எதுவும் சேர்க்காமல், வைக்க ஆசைப்படுகிறேன். "ஆண் பெயரை வைத்தால் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கேலி செய்வார்கள், மாணிக்கவல்லி என்று வையுங்கள்" என்கிறார் மாமியார். கணவரோ, "ஆண் பெயர்தான் என்றால் முகிலன் என்றே வைக்கலாமே" என்கிறார். எது சரி? சான்றிதழ்களில் சிக்கல் வருமா?

பதில்: சகோதரி, முதலில் அவசரத்தை விடுங்கள். பிறப்பை 21 நாள்களுக்குள் பதிய வேண்டும் என்பதுதான் சட்டம். மருத்துவமனையில் பிறந்த குழந்தையென்றால் அந்தத் தகவலை அவர்களே அனுப்பிவிடுவார்கள். பெயர் அப்போதே இருக்க வேண்டும் என்பதில்லை. 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை பதிந்த பெயரை மாற்றுவது எளிதன்று. வீட்டில் எல்லோருக்கும் மனம் ஒத்துவரட்டும், பொறுத்திருங்கள்.

இனி பெயருக்கு வருகிறேன். முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராக வருகைப் பதிவேடு வாசித்தவன் நான். தமிழில் ஒரு பெயரை ஆணுக்கு என்றோ பெண்ணுக்கு என்றோ நம் காது பிரிப்பது பெரும்பாலும் அதன் ஈற்றை வைத்துத்தான். 'அன்' ஆண்பால் விகுதி. முகிலன் என்றதும் நாக்கு 'வந்தான்' என்று முடிக்கப் பார்க்கும். "முகிலன் வந்தாள், முகிலன் சாப்பிட்டாள்" என்று நாலு முறை உரக்கச் சொல்லிப் பாருங்கள், சங்கடம் புரியும். கணவருக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தால் 'அன்' என்பதைக் கழற்றிவிட்டு முகில் என்று வைக்கலாம். கதிர், எழில், தமிழ், அன்பு எல்லாம் அப்படி இரு பாலுக்கும் இடம்கொடுக்கிற பெயர்கள்தான்.

மாணிக்கத்தில் அந்தச் சிக்கலே இல்லை. அது ஒரு கல்லின் பெயர். முத்து, மணி, தங்கம், ரத்தினம் என்று நம் ஊர்களில் ஆணும் பெண்ணும் பகிர்ந்துகொள்ளும் பெயர்களின் வரிசையில் அதுவும் சேரும். 'அம்' என்று முடியும் பெயர் ஆணுக்கு மட்டும் உரியது என்று யாராவது சொன்னால் ராமாமிர்தத்தைச் சொல்லுங்கள். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெண், சிறுகதையாசிரியர் லா.ச. ராமாமிர்தம் ஆண். அம்மையாரின் பெயரைக் கேட்டு யாரும் திகைத்ததில்லை.

பழைய கதை இன்னும் சுவையானது. கோதை என்றால் இன்று நமக்கு ஆண்டாள்தான் நினைவுக்கு வருவாள். அதே பெயரைச் சேர அரசர்கள் சூடியிருந்தார்கள். புறநானூற்றில் கோக்கோதை மார்பனையும் குட்டுவன் கோதையையும் பார்க்கலாம். மனைவியை இழந்து பாடிய மாக்கோதையும் சேர அரசன்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடல் பாடல் பணி செய்த பெண்களை, கல்வெட்டு 'நக்கன்' என்ற முன்னொட்டுடன் பட்டியலிடுகிறது. நக்கன் சிவனின் பெயர். 'அன்' ஈறுகூட அன்று பெண்ணின் பெயருக்கு முன் கூச்சமில்லாமல் நின்றிருக்கிறது. அது இறைவனோடு அவர்களைச் சேர்த்துச் சொன்ன அடைமொழி என்பதால், இதைக் காட்டி முகிலனுக்கு வாதாட மாட்டேன்.

உங்கள் மாமியார் சொன்னதையும் தள்ளிவிட வேண்டாம். அவர் சொன்னது மரபு. சுப்பையாவின் பேத்தி சுப்பம்மாள், கருப்பசாமியின் பேத்தி கருப்பாயி, அந்தோணியின் பேத்தி அந்தோணியம்மாள் என்று எத்தனையோ குடும்பங்கள் தாத்தாவைப் பேத்தியிடம் கொண்டுவந்திருக்கின்றன. அதே ஊர்களில் மாரியப்பனும் பேச்சிமுத்துவும் இசக்கிமுத்துவும் அம்மன் பெயரோடு மீசை முறுக்கிக்கொண்டு நடக்கிறார்கள். அவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். பேரன் என்பது பெயரன் என்பதிலிருந்தும், பேத்தி என்பது பெயர்த்தி என்பதிலிருந்தும் வந்தவை. பெயரைத் தாங்குகிறவள் பெயர்த்தி. உங்கள் அப்பாவின் பெயரில் உங்கள் மகளுக்கு உள்ள உரிமை அவளுடைய உறவுமுறைச் சொல்லிலேயே இருக்கிறது.

ஒரு கேள்வியை மட்டும் நீங்களும் கணவரும் தனியாக உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். முகிலன் என்பது, பையன் பிறந்தால் வைப்பதற்காக எடுத்துவைத்திருந்த பெயரா? அப்படியென்றால் அதை இவளுக்கு வைக்காதீர்கள். முகில் என்று சுருக்கியும் வைக்காதீர்கள். நம் ஊரில் 'வேண்டாம்' என்றும் 'போதும்பொண்ணு' என்றும் பெயர் வைக்கப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் சாத்தாராவில் 'வேண்டாதவள்' என்று பொருள்படும் பெயரைச் சுமந்த 285 பெண்களுக்கு 2011இல் அரசு விழா நடத்திப் புதுப் பெயர் கொடுத்தார்கள். வராத மகனுக்கான ஏக்கத்தை ஒரு பெண் குழந்தை தன் பெயராகச் சுமக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் மாணிக்கம் அப்படிப்பட்டதன்று. அது போனவர் மேல் வைத்த அன்பு.

கேலிக்கு என்ன செய்வது? என் வகுப்பில் ஒரு ஜூன் மாதம், முதல் நாள். பதிவேட்டில் ஆண்களின் பெயர்களுக்கு நடுவே 'செல்வம்' என்று இருந்தது. பையன்கள் பக்கம் பார்த்து அழைத்தேன். ஜன்னலோர பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி எழுந்து, "உள்ளேன் ஐயா" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் உட்காரவில்லை. "எங்கள் தாத்தா பெயர் ஐயா" என்றாள். நான் கேட்கவே இல்லை, அவளே சொன்னாள். சிவப்பு மையால் அந்தப் பெயரை அடித்து, பெண்களின் வரிசையில் எழுதினேன். சிரிப்பு ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. வீட்டில் அந்தப் பெயரின் கதையைச் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. உங்கள் மகளுக்கும் அப்பாவின் கதையைப் பேசத் தொடங்கும் வயதிலேயே சொல்லிவையுங்கள்.

சான்றிதழ் விஷயம். பெண்ணுக்கு இன்ன பெயர்தான் வைக்க வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இல்லை. பாலினத்துக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. ஜெர்மனியில் 'கிரண்' என்ற பெயர் பாலைக் காட்டவில்லை என்று ஒரு பெண் குழந்தைக்கு மறுக்கப்பட்டு, 2008இல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் அதை அனுமதித்தது. இங்கே நமக்கு அந்த அலைச்சல் கிடையாது. பழக்கதோஷத்தில் தட்டச்சு செய்பவர் 'ஆண்' என்று போட்டுவிடுவதுதான் உண்மையான தொல்லை. பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் அட்டை ஒவ்வொன்றையும் வாங்கும்போதே, அந்த இடத்தைவிட்டு நகராமல், பாலினக் கட்டத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'சி.கே.' வருமா இரண்டு 'கே' வருமா என்பதையும் இப்போதே முடிவுசெய்து, எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

பெயர்சூட்டும் நாளில் குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்வோம் அல்லவா, அதை மாமியாரையே சொல்லச் சொல்லுங்கள். பதிவில் மாணிக்கம் என்று இருக்கட்டும். மடியில் வைத்துக் கொஞ்சும்போது அவர் வல்லி என்று அழைத்தால் தடுக்காதீர்கள்.