38 வயதில் கர்ப்பம்: மாமியார் சொல்வது சரியா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். 38 வயதில் இரண்டாவது பிள்ளை. "வயசாயிருச்சு, ஆபத்து" என்கிறார் மாமியார். உண்மையா?

பாதி உண்மை. ஆபத்து 35-ல் திடீரென்று குதிப்பதில்லை. மெல்ல ஏறி, 40-ஐ ஒட்டி வேகமெடுக்கும். பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே வரும் மரபணுக் குறைபாடு) வருவது, தாய்க்கு 35 வயதில் சுமார் 350 பேரில் ஒருவருக்கு, 40-ல் 100-ல் ஒருவருக்கு. மீதி 99 பேரை யாரும் பேசுவதில்லை!

எனக்குப் பெரிய கவலை இரத்த அழுத்தம்தான். 20 வாரத்துக்குப் பிறகு அது 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் இறங்கினால் ப்ரீ-எக்லாம்ப்சியா. வலிப்பு வரை போகலாம். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால், "வெயில்ல செம்பனைப் பழம் பொறுக்கினது" என்று பனடோல் போட்டுப் படுத்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரி. இதைத் தடுக்க டாக்டர் ஆஸ்பிரின் எழுதினால் 16 வாரத்துக்குள் தொடங்குவது நல்லது.

சர்க்கரை நோய் இருக்கிறதா என்று சோதிக்க, வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர் தருவார்கள். குமட்டும், குடித்துத்தான் ஆகவேண்டும்.

அப்புறம், கிளினிக் புத்தகத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினால் அழ வேண்டாம். உங்களை ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் பார்க்க வேண்டும் என்ற குறி, அவ்வளவுதான்.

மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள்: 20 வயதுக்குள் பிள்ளை பெறுவோருக்கும் இரத்தசோகை, குறைப்பிரசவ ஆபத்து கூடுதல்.